சிறு புல்தரைக்கேற்ற தள்ளு யந்திரம்

தேன்கனிக்கோட்டை தாலூகாவில் வீட்டின் முன்புறத்திலும், பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம் முதலிய பொதுக் கட்டடங்களைச் சுற்றியும் சிறு புல்தரை அமைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ள இம்மேட்டு நிலத்தில் வெயிலின் கடுமை குறைவு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் இங்கு எட்டுகின்றன. அடுத்துள்ள தளியை ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைப்பதும் இக்குளிர்ச்சி பற்றியே. ஆகையால் அறுகு இங்கு நன்கு படர்வதில் வியப்பில்லை. ஆயினும் புல்தரையை உண்டாக்கிய பலர் அதனை இரண்டு வருஷங்களுக்கு மேல் காப்பாற்றுவதில்லை. காரணத்தை ஆராய்ந்தால் பெரும்பாலும் மண்ணிலோ புல்லிலோ குற்றம் இராது. வெட்டும் முறையிலும், வெட்டும் கருவியைத் தேர்ந்ததிலுமே குற்றம் காணப்படும்.

புல்தரை அழகுக்கு மட்டும் உரியதன்று. வீட்டைச் சுற்றிப் புதர் மண்டிய இடத்தில் கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் பதுங்குவது எளிது. குட்டையாக வெட்டப்பட்ட தரையில் அவை கண்ணுக்குத் தப்புவது அரிது. மழைக்காலத்தில் குழந்தைகள் சேற்றில் நடவாமல் இருப்பதும், செம்மண் கரைந்து ஓடாமல் நிற்பதும் பிற அனுகூலங்கள்.

யந்திரத்தைப் பற்றிச் சொல்லுமுன், எவ்வளவு இடத்தில் புல்தரை வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இதற்கு அளவுகோல் தண்ணீர். கோடையில் பசுமை மாறாமல் புல்லை வைத்திருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டுமெனக் கொண்டால், ஒரு சென்டுக்கு ஏறக்குறைய 200 லிட்டர் ஆகிறது. ஐந்து சென்ட் புல்தரை தினம் 1,000 லிட்டரைக் குடிக்கும். ஆழ்குழாய்க் கிணற்றின் நீரை எண்ணி எண்ணித் தக்காளிக்கும் ரோஜாவுக்கும் பாய்ச்சும் குடியானவர் இக்கணக்கை முதலிற் போட்டுப் பார்த்துக்கொள்ளுதல் நலம். எமது அபிப்பிராயத்தில் வீட்டுக்கு இரண்டு அல்லது மூன்று சென்ட் போதும். பொதுக் கட்டடமாயின் ஐந்து சென்டுக்கு மேற்படுவது வீண். அறுகுக்கு ஒரு நற்குணம் உண்டு: பங்குனி, சித்திரையில் நீரின்றிக் காய்ந்து பழுத்தாலும் அதன் கிழங்குத்தண்டுகள் மடிவதில்லை, முதல் மழையில் மீண்டும் துளிர்க்கும். கோடையில் தரை பழுப்பாயிருப்பதைக் குறைவாக எண்ணாதவர் மேற்கண்ட தண்ணீரில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம்.

இவ்வளவு சிறிய இடத்துக்கு மனிதன் தள்ளும் யந்திரமே ஏற்றது. இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் நகரத்துக்கு அருகில் வசித்த எட்வின் படிங் என்பவர். அப்பக்கத்துக் கம்பளி ஆலைகளில் நெய்த துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிரைச் சமமாகக் கத்தரிக்க ஓர் உருளைக் கத்தி யந்திரம் இருந்தது. அதே முறையில் தரையின் மேலுள்ள புல்லையும் கத்தரிக்கலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. 1830ஆம் வருஷத்தில் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். பின்னர் குதிரை இழுக்கும் பெரிய யந்திரங்களும் வந்தன. குளம்பின் தடம் தரையில் பதியாதிருக்கக் குதிரைகளுக்குத் தோலினால் செய்த காலுறைகளை மாட்டினார்களாம். ஏறக்குறைய இருநூறு வருஷங்கள் கழிந்தும் கையால் தள்ளும் யந்திரத்தின் அமைப்பு அடிப்படையில் மாறவில்லை.

அவ்வமைப்பை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். இரு சக்கரங்களுக்கு நடுவே, முறுக்கிய வடிவிலுள்ள பல கத்திகள் சேர்ந்த ஓர் உருளை இருக்கிறது. சக்கரம் சுழலும்போது அதனுள் அமைந்த பல்சக்கரங்கள் உருளையை அதைவிட வேகமாகச் சுழற்றும். உருளைக்குக் கீழே அசையாமல் ஒரு தட்டையான கத்தி பொருத்தப்பட்டிருக்கும். இதனை அடிக்கத்தி என்போம். சுழலும் கத்தி புல்லை வாரிக்கொண்டு வந்து அடிக்கத்தியின் விளிம்பில் வைத்துக் கத்தரிக்கிறது. அதாவது இது கத்தரிக்கோலின் வேலையேயன்றி அரிவாளின் வேலையன்று. கத்தரிக்கோலின் இரு அலகுகளும் தளர்ந்திருந்தால் துணி எவ்வாறு வெட்டுப்படாமல் மடங்குமோ, அவ்வாறே இரு கத்திகளுக்கும் இடையே சந்து விழுந்தால் புல்லும் மடங்கும்.

பெட்ரோலில் ஓடும் யந்திரங்களும் மின்சார யந்திரங்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுட் பல, தகடு போன்ற ஒரே கத்தியை மிக வேகமாகச் சுழற்றிப் புல்லை அடித்து முறிப்பவை. நமது நிலத்தின் சரளைக்கல் அதில் அகப்பட்டால் துப்பாக்கிக் குண்டு போலத் தெறிக்கும். வரப்பு வெட்டப் பலர் வைத்திருக்கும் பிரஷ்கட்டரால் புல்தரையையும் வெட்டிவிடலாம் என்று கருதுவது தவறு. வரப்புக்கு அது மிகச் சிறந்த கருவி. புல்தரையிலோ ஓரிடத்தில் மண் தெரியும்படி சுரண்டி, ஓரிடத்தில் மிச்சம் வைத்துச் செல்லும்.

யந்திரத்தின் அகலம் பெரும்பாலும் 12 முதல் 18 அங்குலம் வரை இருக்கும். அகலம் கூடினால் நடை குறையும். ஆனால் தள்ளும் பாரம் கூடும். 14 அங்குல யந்திரம் நடுத்தர மனிதருக்குப் பொருத்தமானது. ஒவ்வொரு முறையும் முந்திய பட்டையின் மேல் 2 அங்குலம் ஏறும்படி தள்ளினால், உண்மையில் வெட்டுப்படும் அகலம் சரியாக ஓர் அடி ஆகிறது. எனவே தரையில் எத்தனை சதுர அடியோ அத்தனை அடி நடக்க வேண்டும். மூன்று சென்டுக்கு 1,307 அடி. ஐந்து சென்டுக்கு 2,178 அடி, அதாவது அரை மைலுக்கும் குறைவு. திரும்பும் நேரத்தையும் சேர்த்து அரைமணியில் முடிந்துவிடும். ஒரு முழு ஏக்கரை இவ்வாறு வெட்ட வேண்டுமாயின் எட்டேகால் மைல் நடக்க வேண்டும். ஏர் பின்னால் நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்!

அடுத்தது கத்திகளின் எண்ணிக்கை. நான்கு அல்லது ஐந்து கத்திகள் உள்ள யந்திரங்கள் மலிவாகக் கிடைக்கும், தள்ளுவதும் இலேசு. ஆனால் அவை மென்மையான குளிர்தேசத்துப் புற்களுக்கு ஏற்றவை. அறுகும், அதைவிட நெருக்கமாய் வளரும் கொரியன் புல்லும் கம்பி போன்ற தண்டுடையவை. அவற்றைக் குட்டையாக வெட்ட ஆறு அல்லது ஏழு கத்தியுள்ள உருளையே நன்று. கத்தி குறைந்தால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே தூரம் கூடி, தரை அலையலையாகத் தோன்றும்.

கடையில் யந்திரத்தைக் கையில் எடுத்துப் பாராமல் வாங்கலாகாது. உருளையின் இரு முனைகளையும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும். ஆட்டம் இருத்தல் கூடாது. ஒரு காகிதத் துண்டை அடிக்கத்திக்கும் உருளைக் கத்திக்கும் நடுவே நிமிர்த்திப் பிடித்து, ஒரு கோலினால் உருளையை மெல்லச் சுழற்றினால், இடது முனை, நடு, வலது முனை ஆகிய மூன்றிடத்திலும் காகிதம் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். வெட்டு உயரத்தை அரை அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரையிலாவது மாற்றும் வசதி அவசியம். கைப்பிடி இடுப்பளவுக்குச் சற்று மேலிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கத்தி தேய்ந்தால் மாற்றுக் கத்தி கிடைக்குமா என்று கேட்கவும். கிடைக்காது என்றால் விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுவதே சிலாக்கியம்.

யந்திரம் வருமுன் நிலம் ஆயத்தமாக வேண்டும். இவ்விடத்துச் செம்மண்ணில் சிறு கல் இல்லாத இடம் அரிது. புல் நடுமுன் மேல்மண்ணை 4 அங்குல ஆழம் கொத்திச் சல்லடையில் சலிப்பது பெருஞ்சிரமம்தான். ஆனால் ஒருமுறை சிரமப்பட்டால் பல வருஷம் கத்தி பிழைக்கும். மேடுபள்ளத்தைச் சமப்படுத்தி, ஆனி, ஆடி மாதங்களில் அறுகின் கணுத்தண்டுகளை 4 அங்குல இடைவெளியில் நட்டு, மண் அணையும்படி உருளை ஓட்டவும். பிற்பாடு காணும் பள்ளங்களைச் சலித்த மணலும் மக்கிய எருவும் கலந்து, ஒரு தடவைக்கு அரை அங்குல கனத்துக்கு மேற்படாமல் நிரப்பலாம். கோரையும் பார்த்தீனியமும் வெட்டினால் அழிவன அல்ல. கோரைக்குக் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. பார்த்தீனியம் தரையோடு படிந்து மறுபடி பூக்கும். இரண்டையும் கையால் பறிக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பறிக்கும்போது கையுறை அவசியம்.

வெட்டுவதில் நினைவில் வைக்கத்தக்க விதி ஒன்று உண்டு. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டலாகாது. இலையே புல்லுக்கு உணவு சமைக்கும் இடம். அதை ஒரேயடியாகக் களைந்தால் வேர் மெலியும், வெயில் நேரே தண்டிற் படும், களைக்கு இடமுண்டாகும். தரையை ஓர் அங்குலத்தில் வைத்திருக்க விரும்புகிறவர், புல் ஒன்றரை அங்குலம் வளர்ந்தவுடன் வெட்ட வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரையில் இது வாரம் ஒருமுறை ஆகலாம். புரட்டாசி, ஐப்பசி மழையில் ஐந்து நாட்களுக்கொருமுறை ஆகும். மார்கழி, தைக் குளிரில் வளர்ச்சி ஒடுங்குவதால் இருபது நாட்களுக்கு ஒருமுறை போதும். கோடையில் உயரத்தை ஒன்றரை அங்குலமாக்கிவிடுவது வேரைக் காக்கும்.

தள்ளு யந்திரத்தின் பெரிய பலவீனம் இவ்விடத்தில்தான். உயர்ந்த புல்லை அதனால் வெட்ட இயலாது. மூன்று அங்குலத்துக்கு மேல் வளர்ந்த புல்லும், அறுகின் பூத்தண்டும் உருளையின் முன்னே சாய்ந்து, யந்திரம் கடந்தபின் நிமிர்ந்து நிற்கும். ஒரு வருஷம் ஐப்பசியில் நான் இருபது நாள் வெளியூர் சென்று திரும்பி, வளர்ந்த புல்லின் மேல் யந்திரத்தைத் தள்ளினேன். அது வெட்டாமல் மிதித்துச் சென்றது. கத்தி தளர்ந்ததென்று எண்ணித் திருகாணிகளை மேலும் மேலும் இறுக்கினேன். பாரம் இரட்டித்ததேயன்றி வெட்டு வரவில்லை. இரண்டு வாரத்தில் அடிக்கத்தியின் நடுப்பாகம் பள்ளமாய்த் தேய்ந்து, புதிதாக மாற்ற நேர்ந்தது. அத்தகைய புல்லை முதலில் கருக்கரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, மூன்று நான்கு நாள் கழித்து யந்திரத்தை மிக உயர்ந்த அளவில் வைத்து ஓட்டி, பின்னர்ப் படிப்படியாகத் தாழ்த்துவதே முறை. வாரந்தோறும் வெட்ட இயலாதவர்கள் யந்திரம் வாங்காமல் அரிவாளோடு நிற்பது மேல்.

வெட்டும் நாளில் பனி உலர்ந்தபின் தொடங்கவும். ஈரப்புல் கத்தியில் ஒட்டும், சக்கரமும் வழுக்கும். முதலில் தரையை ஒருமுறை சுற்றி வந்து கல், கம்பித் துண்டு, காய்ந்த குச்சி ஆகியவற்றைப் பொறுக்கிவிடவும். ஓரத்தை இரு சுற்று வெட்டிவிட்டால் திரும்புவதற்கு இடமுண்டாகும். அதன்பின் நேர்க்கோட்டில், ஒரே சீரான நடையில் செல்லவும். உருளையைச் சுழற்றுவது உங்கள் நடையே. நடை தயங்கினால் கத்தியும் தயங்கும். இவ்வாரம் கிழக்கு மேற்காக வெட்டினால் அடுத்த வாரம் தெற்கு வடக்காக வெட்டவும். அவ்வாறு செய்தால் ஒரே பக்கம் சாய்ந்து பழகிய புல்லும், தப்பிய பூத்தண்டும் அகப்படும். சரிவான இடத்தில் சரிவுக்குக் குறுக்கே தள்ள வேண்டும். உருளையிற் குச்சி சிக்கினால் விரலை விடாதீர்கள். சக்கரம் சிறிது அசைந்தாலும் உருளை பெரிதாகச் சுழலும், விரல் துண்டாகிவிடும். கோலினாற் குத்தி எடுக்கவும். இதே காரணத்தால் சிறுவர்களை யந்திரத்தின் அருகில் விடலாகாது.

வெட்டிய புல் நல்ல தீவனம். உடனே எடுத்துப் பசுமையாகவே மாட்டுக்குப் போட வேண்டும். குவித்து வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். பூச்சிமருந்து தெளித்த தரையின் புல்லையும், அண்மையில் யூரியா இட்ட தரையின் புல்லையும், பார்த்தீனியம் கலந்ததையும் தீவனமாக்க வேண்டாம். மாடு இல்லாதவர்கள், வெட்டு மெல்லியதாயிருந்தால் தரையிலேயே விட்டுவிடலாம். அது மக்கி, எடுத்த தழைச்சத்தில் ஒரு பகுதியை மண்ணுக்குத் திருப்பும்.

வேலை முடிந்ததும் ஒட்டிய புல்லைத் துடைத்து, கத்திகளில் மெல்லிய எண்ணெய் தடவி, உருளை முனைகளில் இரண்டு சொட்டு விடவும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது துருவை அழைப்பதாகும். மாதம் ஒருமுறை காகிதச் சோதனையைச் செய்து, வெட்டாத பக்கத்துத் திருகாணியை மட்டும் சிறிதளவு திருப்பவும். கத்திகள் ஒன்றையொன்று தொடுவதும் தொடாததுமாக இருப்பதே சரியான நிலை. வெட்டிய இலைநுனி மறுநாள் வெளுத்துக் கிழிந்தாற்போலத் தோன்றினால் கத்தி மழுங்கியதற்கு அது அறிகுறி. அப்போது அரத்தை எடுத்து ஒவ்வொரு கத்தியாக ராவுவது கூடாது. உருளையின் வட்டம் கெட்டுப்போகும். பல யந்திரங்களில் சக்கரத்தைக் கழற்றி, உள்ளேயுள்ள சிறு பல்சக்கரங்களை வலமிடமாக மாற்றிவிட்டால் உருளையைப் பின்னோக்கிச் சுழற்றலாம். கத்திகளின் மேல் எமரிப் பசையைத் தடவி, விளிம்பு முழுவதும் ஒரே சீரான சாம்பல் நிறக்கோடு காணும்வரை சுழற்றி, மண்ணெண்ணெயால் பசையை முற்றிலும் கழுவி, பல்சக்கரங்களை முன்போல் பொருத்தவும். கல்லில் மோதிக் கத்தியில் பல் விழுந்திருந்தால் இது போதாது. ஓசூரில் கிரைண்டிங் வேலை தெரிந்த பட்டறைக்கு உருளையை முழுதாக எடுத்துச் சென்று, வட்டம் பிசகாமல் ஒருசேரத் தீட்டும்படி கேட்கவும். அடிக்கத்தியையும் உடன் கொண்டு செல்ல மறக்க வேண்டாம்.