நியூ ஆர்லியன்ஸுக்கு வந்திறங்கும் பிள்ளைகளுக்கு

டுலேன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிறீர்கள். மருத்துவமனைகளுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் வேலைக்கு வருகிறீர்கள். வந்து ஒரு வாரம் ஆவதற்குள், "இங்கே எதைப் பார்க்கணும், எங்கே சாப்பிடணும்?" என்று கேட்கிறீர்கள். காசு கொடுத்து நுழையும் இடங்களை யார் வேண்டுமானாலும் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. இந்த ஊரின் பாட்டையும் சாப்பாட்டையும் திருவிழாவையும் உண்டாக்குகிறவர்கள் பேட்டைகளில் குடியிருக்கும் சாதாரண மக்கள். பலர் சொந்தச் சேமிப்பைப் போட்டுத்தான் அதைச் செய்கிறார்கள். அவர்கள் யார், எந்த நாளில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

1. முதலில் ஊரின் நாட்கணக்கைப் பிடியுங்கள்.

ஜனவரி 6-ல் கார்னிவல் பருவம் தொடங்கும். அது மார்டி க்ரா செவ்வாயோடு முடியும். அந்தச் செவ்வாய் ஈஸ்டருக்கு 47 நாள் முன்னால் வருவதால் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2027-ல் பிப்ரவரி 9. நள்ளிரவு ஆனதும் காவலர்கள் குதிரையேறி வந்து போர்பன் தெருவைக் காலி செய்வார்கள். மறுநாள் சாம்பல் புதன், தவக்காலம். வெள்ளிக்கிழமைதோறும் தேவாலயக் கூடங்களில் மீன் வறுவல் விற்பார்கள். மார்ச் 19 புனித சூசையப்பர் நாள். ஏப்ரலில் பிரெஞ்ச் குவார்ட்டர் விழா. 1984-ல் தொடங்கிய அது இன்றும் இலவசம். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஜாஸ் விழா. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜூன் வரை, பெரும்பாலான ஞாயிறுகளில் செகண்ட் லைன். இதை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்; விடுப்பு கேட்கும்போது உதவும்.

2. ஞாயிறு மதியம் செகண்ட் லைனுக்குப் போங்கள். நடக்கத் தெம்போடு போங்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குப் போங்கள் என்பேன். அடிமை முறை ஒழிந்த காலத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் தங்களுக்குள் சங்கம் வைத்துச் சந்தா சேர்த்தார்கள். நோய்க்கு வைத்தியச் செலவு, சாவுக்கு அடக்கச் செலவு, கூடவே ஒரு பித்தளை வாத்தியக் குழு என்று சங்கமே பார்த்துக்கொண்டது. 'சோஷியல் எய்ட் அண்ட் ப்ளெஷர் கிளப்' என்று இன்றும் அழைக்கப்படும் சங்கங்கள் அந்த வழியில் வந்தவை. யங் மென் ஒலிம்பியன் சங்கம் 1884 முதல் இருக்கிறது.

ஆண்டுக்கு ஒரு ஞாயிறு ஒவ்வொரு சங்கத்துக்கும் சொந்தம். அன்று உறுப்பினர்கள் ஒரே நிறத்தில் சூட், தொப்பி, காலணி, கையில் இறகு விசிறி என்று வாசலைத் தாண்டி வெளியே வருவார்கள். அந்த நொடியைத் தவறவிடாதீர்கள். ட்ரம்பெட்டும் டிராம்போனும் சூசபோனும் ஒரே மூச்சில் எழும்பும். சங்கமும் வாத்தியக்காரர்களும் முதல் வரிசை. பின்னால் நடந்தும் ஆடியும் வருகிற ஊர்மக்கள்தான் இரண்டாம் வரிசை. உங்கள் இடம் அங்கே. பக்கவாட்டில் கயிறு பிடித்து வருவார்கள், அதற்குள் நுழையக்கூடாது. படம் எடுப்பதற்காக ஆடுகிறவரின் முன்னால் போய் நிற்கவும் கூடாது. ஆடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, தாளத்துக்கு நடந்தால் போதும்.

நாலு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். வழியில் வண்டிகளில் தண்ணீர், சுட்ட சாசேஜ், யாகமேன் என்கிற நூடுல்ஸ் சூப் எல்லாம் கிடைக்கும்; பேட்டைக்காரர்களிடமே வாங்குங்கள். ஒவ்வொரு வாரப் பாதையும் 90.7 பண்பலையில் வரும் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். வானொலி மூலம் தெரியவரும். காவல் பாதுகாப்புக்கும் சங்கங்களிடம் கட்டணம் வாங்கிவந்தார்கள். கத்ரீனா புயலுக்குப் பிறகு அந்தக் கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு ஏறியபோது, 2006-ல் சங்கங்கள் வழக்குப் போட்டு, அடுத்த ஆண்டு இறக்க வைத்தன. வீடிழந்தவர்கள், ஊர்வலம் போகும் உரிமைக்காக வழக்காடியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் நடக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

3. சவ ஊர்வலம் எதிரே வந்தால் பேச்சை நிறுத்துங்கள்.

சாவுக்கு வாத்தியம் என்பது பறையொலி கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதல்ல. இங்கே அதற்கு இரண்டு பாகம். உடலைக் கொண்டுபோகும்போது மெதுவான துக்க இசை. நடையே தயங்கித் தயங்கிப் போகும். உடலிலிருந்து ஊர்வலம் பிரிந்த பிறகு முரசின் கட்டு அவிழ்ந்து தாளம் வேகமெடுக்கும். அப்போது கைக்குட்டை வீசி ஆடுவார்கள். ஆட்டம் பார்த்து இதைக் கேளிக்கை என்று எண்ணிவிடக் கூடாது. நடுவே ஆடுகிற பெண் இறந்தவரின் மகளாக இருக்கலாம். துக்க இசையின்போது தொப்பி இருந்தால் கழற்றுங்கள். குடும்பத்தார் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்ட வேண்டாம்.

4. இரவு இசைக்குப் போகும்போது சில்லறை நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

போர்பன் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், அது போதும். பாட்டு கேட்க ஃப்ரெஞ்ச்மென் தெருவுக்குப் போங்கள். அடுத்தடுத்த வாசல்களில் ஐந்தாறு குழுக்கள் வாசித்துக்கொண்டிருக்கும். 1961-ல் தொடங்கிய ப்ரிசர்வேஷன் ஹாலில் குடியும் சாப்பாடும் கிடையாது. சின்னக் கூடம், மர பெஞ்சு, முக்கால் மணி நேரக் கச்சேரி. குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. ஓக் தெருவின் மேப்பிள் லீஃப், 1977-ல் திறந்த டிப்பிட்டினாஸ் என்ற இசை அரங்குகள் இரண்டும் கொஞ்சம் பழகிய பிறகு.

பல இடங்களில் நுழைவுக் கட்டணம் இருக்காது. ஒரு வாளியோ ஜாடியோ சுற்றி வரும். வாசிக்கிறவருக்கு அன்றைய வருமானத்தில் பெரும்பங்கு அதுதான். ஒரு வரிசைப் பாட்டு முழுக்கக் கேட்டால் ஆளுக்கு ஐந்து டாலராவது போடுங்கள்; மாணவரென்றால் இரண்டு போடுங்கள், ஆனால் போடாமல் வராதீர்கள். உலகமே கொண்டாடும் இசையை வாசிக்கிறவர்களில் பலருக்கு மருத்துவக் காப்பீடு இருந்ததில்லை. அவர்களுக்கென்றே 1998-ல் இங்கே ஒரு மருத்துவ மையம் தொடங்க வேண்டியிருந்தது.

ஒரு பகல் பொழுதில் ட்ரெமே பேட்டைக்குப் போய்க் காங்கோ சதுக்கத்தில் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடி ஆப்பிரிக்க முரசு கொட்டி ஆடிய இடம் அது. 1817-ல் நகர நிர்வாகம் அவர்கள் கூடுவதை அந்த ஓரிடத்துக்குள் சுருக்கியது. 1901 ஆகஸ்ட் 4-ல் இந்த ஊரில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பெயரில் உள்ள பூங்காவுக்குள்தான் இப்போது அந்தச் சதுக்கம் இருக்கிறது. இரவில் கேட்ட தாளத்துக்கு வேர் எங்கே என்று அங்கே நின்றால் தெரியும்.

5. கார்னிவல் ஊர்வலத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள்; எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவையுங்கள்.

செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில் டிராம் ஓடும் நடுத்திட்டை இங்கே நியூட்ரல் கிரவுண்ட் என்பார்கள். நடுத்திட்டுப் பக்கமா, நடைபாதைப் பக்கமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஊர்வலம் வந்துவிட்டால் சாலையைக் கடக்க முடியாது. டிராமும் ஓடாது. பாதையில் காரை விட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கழிப்பறைக்கு வழி பார்த்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். குழந்தைகள் உட்கார ஏணி கட்டுவார்கள். அதைச் சாலையோரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். உடன் ஒரு பெரியவர் ஏணியிலேயே நிற்க வேண்டும்.

ஊர்வலம் நடத்தும் குழுவுக்கு க்ரூ என்று பெயர். தேரின் மேலிருந்து விழுகிற மணிமாலை, கோப்பை, நாணயம் அத்தனையும் அங்கே நிற்கும் உறுப்பினர் கைக்காசு. மார்டி க்ரா காலையில் முதலில் கறுப்பினத்தவரின் ஜூலு, பிறகு 1872-ல் தொடங்கிய ரெக்ஸ். ஜூலுவில் வண்ணம் பூசி அலங்கரித்த தேங்காய் தருவார்கள்; வீச மாட்டார்கள், கையில்தான் கொடுப்பார்கள். கிடைத்தால் பேரப்பிள்ளை வரைக்கும் வைத்திருங்கள். தரையில் விழுந்த மாலைக்குக் கையை நீட்டாதீர்கள், முதலில் காலை வையுங்கள். விரல்கள் மிதிபடுவது அப்படித்தான். வீட்டில் குவியும் மாலைகளை மறுபயன்பாட்டுக்கு வாங்கிக்கொள்ளும் இடங்களில் கொடுத்துவிடுங்கள். 2018-ல் இந்த அவென்யூவின் ஐந்து பிளாக் நீளத்துக்கான வடிகால்களிலிருந்து மட்டும் சுமார் 42,000 கிலோ மணிமாலை அள்ளினார்கள். மழைநீரை வெளியேற்ற முடியாமல் தவிக்கும் ஊர் இது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய க்ரூக்கள் பல வெள்ளையருக்கு மட்டுமாக இருந்தன. இனம் பார்த்து ஒதுக்கும் குழுவுக்கு ஊர்வல அனுமதி இல்லை என்று 1991-ல், டோரதி மே டெய்லர் என்ற நகர்மன்ற உறுப்பினரின் முயற்சியால் சட்டம் வந்தது. 1857 முதல் ஊர்வலம் போன கோமஸ் என்ற க்ரூ, அதற்கு உடன்படாமல் தெருவுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டது. சாதி பார்த்துத் தேரோட்டத்தைத் தடுத்த ஊர்களின் கதை நமக்கும் தெரியும். ஆகவே இது உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

6. இறகுடை அணிந்து வருகிறவர்களுக்கு வழி விடுங்கள்.

மார்டி க்ரா இந்தியர்கள் என்று அழைக்கப்படும் கறுப்பின ஆண்களும் பெண்களும் ஓராண்டு முழுக்க இரவு இரவாக உட்கார்ந்து, பாசியும் இறகும் வைத்துக் கையால் தைத்த உடை அது. அடிமைகளாக இருந்து தப்பியோடியவர்களுக்கு அடைக்கலம் தந்த பூர்வகுடிகளுக்கு நன்றியாக இதைத் தொடங்கினோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் புது உடை. எப்போது, எந்தத் தெருவில் வருவார்கள் என்ற அறிவிப்பு கிடையாது. சூசையப்பர் நாளை ஒட்டிய சூப்பர் சண்டேயில் பலரை ஒரே இடத்தில் பார்க்கலாம். இறகைத் தொடாதீர்கள். எடுத்த படத்தை விற்காதீர்கள்.

7. சாப்பாட்டில் கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள். கேட்ட பிறகு தைரியமாகச் சாப்பிடுங்கள்.

கம்போ என்கிற கெட்டிக் குழம்பில் தொடங்குங்கள். மாவை எண்ணெயில் போட்டு, கருகாமல், சாக்லேட் நிறம் வரும்வரை கைவிடாமல் கிளற வேண்டும். ரூ என்கிற அந்தக் கலவையில்தான் எல்லாம் இருக்கிறது. அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் விழும். வெண்டைக்காய் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, ரூ பிரெஞ்சுக்காரர்களுடையது, கெட்டியாக்கும் சாசஃப்ராஸ் இலைப்பொடி சாக்டா பூர்வகுடிகள் தந்தது. சோற்றில் ஊற்றித்தான் தருவார்கள். மிளகாய்ப்பொடியைத் தேடாமல் முதல் கிண்ணத்தை அவர்கள் தருகிறபடியே சாப்பிட்டுப் பாருங்கள். ஆர்லியன்ஸ் அவென்யூவில் டூக்கி சேஸ் உணவகத்தில் சாப்பிட்டால் இன்னும் நல்லது. 2019-ல் 96 வயதில் மறைந்த லியா சேஸ் அம்மையார் ஆண்ட சமையலறை அது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காருவது சட்டவிரோதமாக இருந்த காலத்தில், குடிமை உரிமைப் போராளிகள் அந்த வீட்டு மாடியில் கூடிச் சாப்பிட்டுக்கொண்டே திட்டமிட்டார்கள்.

திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸும் சோறும். துணி துவைக்கும் நாளில் அடுப்பில் தானாக வேகட்டும் என்று வைத்த பழக்கம் ஊர் வழக்கமாகிவிட்டது. சைவக்காரர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்: பீன்ஸில் பன்றி இறைச்சியோ சாசேஜோ சேர்ந்திருக்கும், கீரையிலும்கூட. "இறைச்சி இல்லையா?" என்று கேட்டால் போதாது, "எதில் வேகவைத்தீர்கள்?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சமையல் பற்றிப் பேச இந்த ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு பிரியம். போ பாய் வாங்கும்போது 'டிரெஸ்ட்' என்றால் லெட்யூஸ் இலை, தக்காளி, ஊறுகாய், மயோனைஸ் எல்லாம் வைத்து என்று பொருள். 1929 டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ரொட்டி அது.

வசந்தத்தில், நன்னீர் இறால் போன்ற க்ராஃபிஷ். தென்மேற்கு லூசியானாவில் நெல் அறுத்த வயலில் தண்ணீர் கட்டி வளர்க்கிறார்கள். உருளைக்கிழங்கும் சோளமும் போட்டு மசாலாவில் அவித்து, மேசையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டுவார்கள். தலையைத் திருகி, வாலைக் கிள்ளி உரியுங்கள். விலை மார்ச்சுக்குப் பிறகு இறங்கும். அந்தக் கையால் கண்ணைத் துடைக்க வேண்டாம்.

காபிக்கு ஏங்க வேண்டியதில்லை. இங்கேயும் சிக்கரி கலந்த காபிதான்; உள்நாட்டுப் போரில் துறைமுகம் முற்றுகையிடப்பட்டபோது பெருகிய பழக்கம். 1862 முதல் இருக்கும் கஃபே டு மோண்டில் பாலும் சிக்கரி காபியும் சரிபாதி. அங்கே விற்கும் டப்பா தூளைக் கும்பகோணம் ஃபில்டரில் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதுதான்.

8. மார்ச் 19 அன்று சூசையப்பர் பீடத்துக்குப் போங்கள்.

சூசையப்பர் பஞ்சத்திலிருந்து காத்ததற்கு நன்றியாக, சிசிலியிலிருந்து வந்தவர்கள் வைக்கும் படையல். தேவாலயங்களிலும் வீடுகளிலும் மூன்று அடுக்குப் பீடம் நிறைய ரொட்டி, பழம், இனிப்பு. தவக்காலம் என்பதால் இறைச்சி கிடையாது. மதம் கேட்காமல் எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்கள். கையில் ஓர் உலர்ந்த ஃபாவா பருப்பு தருவார்கள். பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். உண்டியல் இருந்தால் ஏழைகளுக்காகப் போடுங்கள்.

9. ஜாஸ் விழாவில் பெரிய மேடையிலேயே நாளைக் கழிக்காதீர்கள்.

டிக்கெட் விலை அதிகம், ஆகவே ஒரு நாள் போங்கள், முழுநாளும் இருங்கள். காஸ்பல் கூடாரத்தில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். 1970-ல் காங்கோ சதுக்கத்தில் நடந்த முதல் விழாவில் காஸ்பல் பாடகி மஹேலியா ஜாக்சன் பாடினார். அந்தக் குரல்வழி அங்கே உயிரோடிருக்கிறது. தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

10. கோடையில் ஊரை விட்டு ஓடாதீர்கள்; ஆனால் பையைத் தயாராக வையுங்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா வந்து ஊரின் 80 சதவீதத்தை மூழ்கடித்தது. வெளியேறச் சொன்னால் அன்றே வெளியேறுங்கள். சான்றிதழ்கள், மருந்து, பணம் ஒரே பையில் இருக்கட்டும். மற்ற நாட்களில், 1939-ல் தொடங்கிய ஹான்சென்ஸ் கடை வரிசையில் நின்று ஸ்னோபால் என்கிற ஐஸ் சீவல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

11. உங்கள் முறை வரும்போது தட்டாமல் செய்யுங்கள்.

ஜனவரி 6-லிருந்து அலுவலகமெங்கும் கிங் கேக் வரும். ஊதா, பச்சை, பொன் நிறச் சர்க்கரை தூவியிருக்கும். உள்ளே ஒரு சின்னப் பொம்மைக் குழந்தை இருக்கும், பார்த்துக் கடியுங்கள். யார் துண்டில் வருகிறதோ அவர் அடுத்த கேக் வாங்க வேண்டும். 1975-க்குப் பிறகு வந்து குடியேறிய வியட்நாமியர் நடத்தும் டோங் ஃபுவாங் ரொட்டிக்கடையின் கிங் கேக்குக்கு இப்போது ஊரே வரிசையில் நிற்கிறது, முன்பதிவு செய்துவிடுங்கள். நம் பொங்கலும் இதே பருவத்தில்தான் வருகிறது. பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோங்கள். முந்திரியும் நெய்யும் கலந்திருப்பதை முதலிலேயே சொல்லிக் கொடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள்.