பழைய டிராக்டர் கிளம்பவில்லையா? முதலில் பார்க்க வேண்டியவை

ஒலக்கூர் வட்டாரத்தில் மானாவாரியாக மணிலா விதைக்கும் அங்கத்தினர்கள் நன்கறிவர்: மழைக்குப் பின் நிலத்தில் ஈரம் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களுக்குள் உழவு முடியாவிடில், திண்டிவனத்தின் பெயரால் வழங்கும் டி.எம்.வி. ரக விதையை வாங்கி வைத்திருந்தும் பயனில்லை. சங்கத்தின் வாடகை டிராக்டர் ஒரு நாள் காலையில் கிளம்பாவிட்டால், அதற்காக முறை வைத்துக் காத்திருக்கும் அனைவருக்குமே நஷ்டம்.

அத்தகைய வேளையில் நாம் செய்வது என்ன? சாவியைத் திரும்பத் திரும்பத் திருகிப் பேட்டரியை வடியச் செய்கிறோம். பிறகு டீசல் பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புகிறோம். பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பே காரணம் என்பது, பணம் செலவான பின்னர் தெரிய வருவதும் உண்டு. தறியில் இழை அறுந்தால் நெசவாளி தறியையே பிரிப்பதில்லை; அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிடுகிறார். எஞ்சினுக்கும் அம்முறையே பொருந்தும்.

டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. ருடால்ப் டீசல் என்பார் 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சின் முதல், 1960-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாபே நிறுவனத்தின் மாஸி பெர்குஸன் டிராக்டர் வரை தத்துவம் ஒன்றே. காற்றை மிகவும் இறுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். எனவே எஞ்சின் கிளம்புவதற்கு வேண்டியவை மூன்று: விரைவான சுழற்சி, டீசல், இறுகிய காற்று. இவ்வரிசையிலேயே சோதித்தல் வேண்டும். முதலாவதைச் சோதிக்கச் செலவே இல்லை; மூன்றாவதற்குத்தான் செலவு மிகுதி.

1. எஞ்சின் சுழல்கிறதா? கியர் நியூட்ரலில் உள்ளதா, எஞ்சினை நிறுத்தும் கம்பி உள்ளே தள்ளப்பட்டுள்ளதா என்று பார்த்தபின், முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருகுக. விளக்கு மங்கி, 'டக்' என்ற ஒலி மட்டும் கேட்டால் பேட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். விளக்கு மங்காமலும் ஒலி எழாமலும் இருந்தால், சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குச் செல்லும் வழியில் மின்சாரம் தடைப்படுகிறது என்று கொள்ளலாம். முனைகளைக் கழற்றும்போது நெகடிவ் முனையை முதலில் கழற்றுக. வெந்நீரால் உப்பைக் கழுவி, துலக்கி, இறுக மாட்டுக. நிறைவாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழ் இறங்கியிருந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஸ்டார்ட்டரை ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் இயக்காமல், இடையே ஒரு நிமிடமேனும் ஓய்வு கொடுப்பது நன்று.

2. டீசல் வருகிறதா? எஞ்சின் நன்கு சுழன்றும் கிளம்பவில்லையெனில் புகைக்குழாயைக் கவனிக்க. புகையே இல்லாவிடில் டீசல் போய்ச் சேரவில்லை. டாங்கியில் டீசல் உண்டா, அதன் குழாய் திறந்திருக்கிறதா, மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டுள்ளதா, பில்டரின் அடியில் தண்ணீர் தங்கியுள்ளதா என்று பார்க்க. டாங்கி ஒரு முறை வற்றினால் குழாய்களில் காற்று புகுந்துவிடும். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வழியும்போதே திருகை இறுக்குக. டீசல் பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே செய்க. நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும்; அங்குக் கை வைத்தல் ஆகாது.

3. காற்று இறுகுகிறதா? வெண்புகை வந்தும் கிளம்பாவிடில், டீசல் வருகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். சுழற்சி மந்தமாக இருந்தால் மீண்டும் பேட்டரியையே கவனிக்க வேண்டும். சுழற்சி சரியாக இருந்தும் பற்றாவிடில், ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கலாம். நாசிலிலும் குறை இருக்கலாம். இந்த நிலையில்தான் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அவசரத்தில் சிலர் கீழே நின்றபடியே ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் இணைத்து எஞ்சினைக் கிளப்புகின்றனர். கியர் விழுந்திருந்தால் வண்டி அக்கணமே நகர்ந்து, நிற்பவர் மீது ஏறிவிடும். இதனால் உயிரிழந்தோர் உலகெங்கும் உண்டு. எந்த விதைப்பும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

இறுதியாக நிர்வாகக் குழுவினருக்கு ஒன்று கூறுவோம். டிராக்டருக்கு ஒரு குறிப்பேடு வைத்து, பேட்டரி வாங்கிய தேதி, பில்டர் மாற்றிய தேதி, எஞ்சின் கிளம்பாத நாளில் கண்ட அறிகுறி ஆகியவற்றை டிரைவர் எழுதிவரச் செய்க. பழுதுச் செலவுக்கு அனுமதி கோரும் சீட்டு முன்வைக்கப்பட்டால், மேற்கூறிய மூன்றில் எவை சோதிக்கப்பட்டன என்று கேட்ட பின்னரே கையொப்பமிடுக. அந்தப் பணம் அங்கத்தினர் ஒவ்வொருவரின் பங்குப் பணமாகும்.