ஆம்னியில் ஆயில் பிரஷர் கேஜ்

ஆட்டோமொபைல் படிக்கிறான் என்று தெரிந்தாலே போதும், ஊருக்கெல்லாம் அவன் ஓசி மெக்கானிக். எங்கள் ஊர் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம் என்பார்கள். அங்கே என் மாமா பழைய மாருதி ஆம்னி வைத்து, காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்குச் சவாரி ஓட்டுகிறார். போன வருஷம் பாலுசெட்டிசத்திரம் பக்கத்தில் இன்ஜின் சீஸ் ஆகி நின்றது. "சிவப்பு லைட் எரிஞ்சதும் ஓரங்கட்டினேன்டா, அதுக்குள்ள போயிடுச்சு" என்றார். மாமியின் வளையல் அடகுக்குப் போய்த்தான் இன்ஜின் திரும்பி வந்தது.

லைட் பொய் சொல்லவில்லை, தாமதமாகச் சொன்னது. அதன் சுவிட்ச், பிரஷர் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கினால்தான் எரியும். பேரிங் தேயத் தேய, சூடான இன்ஜினின் ஐடில் பிரஷர் மாசக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். அதைக் காட்ட முள் வேண்டும். ஆகவே கேஜ் மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

கேஜில் இரண்டு வகை. மெக்கானிக்கல் கேஜுக்குள் இருப்பது நாம் லேபில் பார்த்த போர்டான் குழாய்தான். 1849-ல் பிரெஞ்சுக்காரர் யூஜின் போர்டான் பேடண்ட் வாங்கியது. பிரஷர் ஏறினால் வளைந்த குழாய் நிமிரப் பார்க்கும், முள் நகரும். ஆனால் சூடான ஆயில் ஒரு மெல்லிய டியூபில் டேஷ்போர்டு வரை வர வேண்டும். டியூப் அறுந்தால் சவாரிக்காரர் பட்டுப்புடவை என்னாவது? எலக்ட்ரிக்கல் வகையே எடுத்தேன்.

ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் வயர் நீளம் குறைவு. ஆயில் சுவிட்சைக் கழற்றி, பித்தளை 'டி' போட்டு, லைட், கேஜ் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். லைட்டை எடுத்துவிடாதீர்கள். இங்கேதான் மரையைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 1/8 பி.எஸ்.பி.டி., அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்க முறை கேஜுகளில் 1/8 என்.பி.டி., 27 மரை. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு சுற்று ஏறி இறுகும். பலம் போட்டால் பிளாக்கின் மரை போய்விடும். அடாப்டர் வாங்குங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். லீக் ஆகக்கூடாதென்று டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினேன். ஸ்டார்ட் பண்ணியதும் முள் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. மாமா முகம் வெளுத்துப்போய், "மறுபடியுமா?" என்றார். ஒற்றை வயர் சென்டருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான்; டேப் அதைத் துண்டித்திருந்தது. டேப்பை எடுத்துவிட்டு சீலன்ட் கொஞ்சமாகத் தடவினேன், முள் எழுந்தது. சென்டர் கனமானதாக இருந்தால் 'டி'யில் தொங்கவிடாதீர்கள், அதிர்வில் பித்தளை ஒடியும். ஹோஸ் போட்டு பாடியில் கிளாம்ப் செய்து, தனியாக எர்த் கொடுங்கள்.

மற்றபடி வயரிங் சுலபம். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றவும். கேஜுக்கு சப்ளை இக்னிஷன் வயரிலிருந்து, ஃப்யூஸ் வைத்து. உள்பல்புக்குப் பார்க்கிங் லைட் வயர். தகட்டு ஓட்டையில் ரப்பர் கிராமெட் கட்டாயம்.

1000 ஆர்.பி.எம்முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. சர்வீஸ் மேனுவலே கடைசி வார்த்தை. மாமா அதோடு நிற்கவில்லை. தினமும் முதல் சவாரி முடிந்து, சூடான ஐடிலில் முள் எங்கே நிற்கிறது என்று காலண்டர் தாளில் குறித்துவைக்கிறார். வளையல் இன்னும் மீளவில்லை.