புல் தழைத்தது, பால் குறைந்தது!

கொள்ளிடக் கரையில் என் இரண்டு கலப்பினப் பசுக்களை மேய்க்கிறேன். ஆற்றில் தண்ணீர் வந்து புல் தழைத்ததிலிருந்து பால் குறைகிறது; சாணமும் தண்ணியாகப் போகிறது. ஏன்?
– வாசகி, ஸ்ரீரங்கம்

இளம்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். வயிறு நிரம்பும், மடி நிரம்பாது! ஓட்டிப் போகுமுன் கொஞ்சம் வைக்கோல் போடுங்கள்.

ஆனால் எனக்குச் சந்தேகம் வாய்க்கால் ஓரத்து நத்தை மேல். தட்டைப்புழு அதற்குள் வளர்ந்து, வெளியே வந்து, நீரோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டுக்குள் போய்விடும். பனி உலர்ந்தபின், மேட்டுப் பக்கமாகவே மேய்த்து வாருங்கள். கால்நடை மருந்தகத்தில் சாணத்தைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். எல்லாக் குடற்புழு மருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது. ஆற்றோர மேய்ச்சலைக் குறைக்க, கொல்லையில் இடமிருந்தால் கோ-4 கம்பு நேப்பியர் தீவனப்புல் நடுங்கள். முதல் அறுப்பு 75-80 நாளில். பிறகு 45 நாளுக்கொரு தரம்.