குடத்துள் இட்ட விளக்கு: அமெரிக்கப் பாடசாலை உதைபந்தாட்டமும் தரவரிசையும்

ஒரு மாணவனுடைய ஆற்றலை அவன் முதிர்ச்சியுறுமுன்னரே அளந்து, எண்ணிட்டு, வரிசைப்படுத்தி வைத்தல் கூடுமோ என்பது கல்வித்துறையார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். இவ்வினா பரீட்சை மண்டபத்தில் மாத்திரம் எழுவதன்று. விளையாட்டு மைதானத்திலும் எழுவதாம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பதினாறு பதினேழு வயதுப் பாடசாலை வீரர்களுக்கு நட்சத்திரக் குறியிட்டுத் தரம் வகுக்கும் வழக்கம் ஒன்று உளது. அத்தரவரிசை உண்மைத் திறனைத் தவறவிடுகின்றதா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இவ்வாராய்ச்சி ஒரு நாட்டின் ஒரு விளையாட்டைப் பற்றியதாயினும், மதிப்பெண்ணால் மதிக்கப்படும் எவர்க்கும் இதனாற் பயனுண்டு என்பது நமது துணிபு.

ஆட்டமும் அதன் ஏணியும்

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. அது றகர் ஆட்டத்திற்கு உறவு பூண்டது. பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லையைக் கடப்பதே அதன் நோக்கம். அந்நாட்டு உயர்தரப் பாடசாலைகளில் இதனை ஆடும் மாணவர் தொகை ஏறத்தாழப் பத்து இலட்சமாகும். இவர்க்கு மேலே பல்கலைக்கழக அணிகள் உள்ளன. அவற்றிற்கும் மேலே முப்பத்திரண்டு தொழின்முறை அணிகளைக் கொண்ட தேசிய உதைபந்தாட்டக் கழகம் உளது.

பல்கலைக்கழக ஆட்டத்தின் முதற்படியில் 130-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் உள. ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் இருபது, இருபத்தைந்து புதியவரைச் சேர்ப்பினும் மொத்தத்தில் மூவாயிரம் அளவினரே இடம்பெறுவர். தொழின்முறை அணிகள் ஆண்டுக்கொருமுறை நடத்தும் தெரிவிலோ ஏறத்தாழ 260 பேர்க்கு மேல் இடமில்லை. ஏணியின் அடி அகன்றது. நுனி மிகக் குறுகியது.

புலமைப்பரிசில் பெற்று ஆடுவோன் பெறுவது ஆட்டத்தில் ஓர் இடம் மாத்திரமன்று. பெருஞ்செலவு பிடிக்கும் பல்கலைக்கழகக் கல்வியையும் அவன் பெறுகின்றான். வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது தலைமுறையையே மாற்றவல்ல வாய்ப்பாகும். ஆதலின் ஒருவன் கண்டுகொள்ளப்படுவதும் கண்டுகொள்ளப்படாது போவதும் வெறும் விளையாட்டுச் செய்தியன்று.

தரவரிசை தோன்றிய வரலாறு

முற்காலத்திற் பயிற்றுநர் ஊரூராய்ச் சென்றும், பழைய மாணவர் எழுதும் கடிதங்களை நம்பியும் வீரரைத் தேடினர். 1963-ஆம் ஆண்டு தொடக்கம் ‘பரேட்’ என்னும் சஞ்சிகை நாடளாவிய பாடசாலை வீரர் அணியொன்றைத் தெரிந்து வெளியிட்டது. 1970-களின் இறுதியில் தொம் லெமிங் என்பார் தமது மோட்டார் வண்டியிலே நாடெங்குஞ் சுற்றி வீரர்களை நேரிற் கண்டு தரப்படுத்தலானார். 1990-களின் பிற்பகுதியில் இணையம் பரவவே ‘ரைவல்ஸ்’ என்னும் நிறுவனம் எழுந்தது. 2010-இல் ‘247 ஸ்போர்ட்ஸ்’ தோன்றியது. ஐந்து நட்சத்திரம் முதலாக வீரரைத் தரம் பிரிக்கும் முறை இவற்றால் நிலைபெற்றது. ஐந்து நட்சத்திரம் பெறுவோர் ஓராண்டில் ஏறத்தாழ முப்பதின்மர். தொழின்முறைத் தெரிவின் முதற் சுற்றில் முப்பத்திரண்டு இடங்கள் இருத்தலை ஒப்புநோக்கியே இவ்வெண்ணை அமைத்துக்கொண்டனர். நான்கு நட்சத்திரத்தார் சில நூற்றுவர். மூன்றும் அதற்குக் கீழும் பெறுவோர் ஆயிரக்கணக்கினர். ஒரு நட்சத்திரமும் பெறாதார் எண்ணிறந்தோர்.

தவறவிடப்பட்டோர்

இத்தரவரிசையின் கண்ணுக்குத் தப்பியவருள் மூவரை இங்கு எடுத்துக்கொள்வோம்.

கலிபோர்ணியா மாகாணத்துச் சிக்கோ நகரைச் சேர்ந்த ஆரன் றொட்ஜர்ஸ் 2002-இல் பாடசாலைக் கல்வியை முடித்தபோது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவருக்குப் புலமைப்பரிசில் வழங்க முன்வரவில்லை. அவர் அயலிலிருந்த பியூற் என்னும் ஈராண்டுக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே வேறொரு வீரரைப் பார்க்க வந்த கலிபோர்ணியாப் பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஜெவ் ரெட்வோர்ட், அவ்வீரருக்குப் பந்தெறிந்த றொட்ஜர்ஸைக் கண்டு அவரையும் அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் றொட்ஜர்ஸ் தேசியக் கழகத்தின் மிகச் சிறந்த வீரர் விருதை 2011, 2014, 2020, 2021 ஆகிய நான்கு ஆண்டுகளிற் பெற்றார்.

விஸ்கொன்சின் மாகாணத்து ஜே. ஜே. வாற் இரண்டு நட்சத்திரமே பெற்றவர். மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடியபின், புலமைப்பரிசிலைக் கைவிட்டு, உதவிப்பணம் ஏதுமின்றி விஸ்கொன்சின் பல்கலைக்கழக அணியிற் சேர்ந்தார். அங்கே தாக்கும் வரிசையிலிருந்து தடுக்கும் வரிசைக்கு மாற்றப்பட்டார். 2011-ஆம் ஆண்டுத் தெரிவிற் பதினோராமவராக அழைக்கப்பட்ட அவர், 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளிற் சிறந்த தடுப்பு வீரர் விருதைப் பெற்றார்.

கலிபோர்ணியாவின் வயல்நிலங்களிடையேயுள்ள பயர்போ என்னும் சிற்றூரிற் கமக்காரர் குடும்பத்திற் பிறந்த ஜோஷ் அலன், பாடசாலையை விட்டபோது புலமைப்பரிசில் அழைப்பு ஒன்றேனும் பெற்றாரல்லர். ரீட்லி என்னும் ஈராண்டுக் கல்லூரியில் ஆடிக்கொண்டே, பல்கலைக்கழகப் பயிற்றுநர் பலர்க்கும் தாமே மின்னஞ்சல் எழுதினார். வயோமிங் பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. 2018-இல் தெரிவின் ஏழாம் இடத்திற் பவலோ அணி அவரைக் கொண்டது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் என்னும் விருதும் அவரை வந்தடைந்தது.

இவர்களைக் கண்ட பொதுமக்கள், ‘நட்சத்திரக் குறி பொய், தரவரிசை வீண்’ என எளிதிற் கூறிவிடுவர். அம்முடிபு பொருந்துமா?

எண்கள் கூறுவது

மறுபக்கத்தையும் நோக்குதல் நடுவுநிலையார்க்கு அழகு. பாடசாலை நாளிலேயே முதன்மை பெற்ற அட்ரியன் பீற்றர்சன் 2012-இல் தேசியக் கழகத்தின் சிறந்த வீரரானார். ஐந்து நட்சத்திரம் பெற்ற மைல்ஸ் கரற் 2017-இலும், ரெவர் லோரன்ஸ் 2021-இலும் தெரிவின் முதலாமவராக அழைக்கப்பட்டனர். அணிகளை நோக்கினும் இதுவே உண்மை. 2011 முதல் 2024 வரையுள்ள பருவங்களிற் பல்கலைக்கழகப் பட்டத்தை வென்ற அணிகள் யாவும், தாம் சேர்த்த வீரருள் அரைப்பங்கிற்கு மேற்பட்டோரை நான்கு, ஐந்து நட்சத்திரத்தாராகக் கொண்டிருந்தன. தரவரிசை குருட்டுக் கணக்காயின் இவ்வாறு நிகழ்ந்திராது.

இவ்விரு கூற்றுக்களும் ஒருங்கே உண்மையாதல் எங்ஙனம்? ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்குவோம். ஓராண்டில் 30 பேர் ஐந்து நட்சத்திரம் பெற்றனர் என்றும், அவருள் 12 பேர் தொழின்முறை வீரராயினர் என்றும் கொள்க. அவ்வாண்டிலே மூன்றும் அதற்குக் குறைந்ததுமான நட்சத்திரம் பெற்றோர் 1,500 பேர் என்றும், அவருள் 75 பேர் அந்நிலை எய்தினர் என்றும் கொள்க. முன்னவரில் நூற்றுக்கு நாற்பது. பின்னவரில் நூற்றுக்கு ஐந்து. ஐந்து நட்சத்திரத்தானுடைய வாய்ப்பு எட்டு மடங்கு பெரிது. ஆயினும் இவ்விரு பகுதியிலுமிருந்து உயர்ந்த 87 பேரைத் திரட்டி நிறுத்தினால் அவருள் 75 பேர் கீழ்த்தரத்தினரே! முதற் கணக்கைப் பார்ப்பவன் தரவரிசையைப் போற்றுவான். இரண்டாவதைப் பார்ப்பவன் தூற்றுவான். இருவரும் ஒரே ஏட்டைத்தான் வாசிக்கின்றனர். பெருந்தொகையிற் சிறு விழுக்காடும் பெரிய எண்ணாகும் என்பதை மறந்தவரே மயங்குவர்.

ஆகவே தரவரிசை ஒரு கூட்டத்தைப் பற்றிய நல்ல மதிப்பீடு. ஒரு தனிமாணவனைப் பற்றிய தீர்ப்பு அன்று.

கண்ணுக்குத் தப்புவதன் காரணங்கள்

முதலாவது காரணம் உடல் வளர்ச்சி. பதினாறு வயதில் ஒருவன் முழு ஆளாகி நிற்பான். மற்றொருவன் இருபதிலேதான் நிறைவான். அலன் பாடசாலையில் மெலிந்த இளைஞர். தொழின்முறைக் களத்தில் ஆறடி ஐந்தங்குல உயரமுடைய பெருவீரர். கனடாவின் பனிக்கட்டி ஹொக்கி ஆட்டத்தில், ஆண்டின் முதன்மாதங்களிற் பிறந்த சிறுவரே மிகுதியாகத் தெரியப்படுவதை உளநூலார் றோஜர் பார்ன்ஸ்லி முதலியோர் 1980-களில் எடுத்துக்காட்டினர். வயதெல்லைக் கணக்கு சனவரியில் தொடங்குதலின், சில மாத மூப்பே திறமையாகத் தோன்றியது. முந்தி வளர்ந்ததைச் சிறந்து வளர்ந்ததாகக் கொள்ளும் பிழை இதுவாம்.

இரண்டாவது, இடம். ரெக்சாஸ், புளோரிடா, கலிபோர்ணியா, ஜோர்ஜியா ஆகிய மாகாணங்களின் பெரும் பாடசாலைகளுக்கு மதிப்பிடுவோர் அடிக்கடி செல்வர். சிற்றூர்களுக்குச் செல்வோர் சிலரே. மேலும், வீரரை ஒருங்குகூட்டிப் பார்க்கும் பயிற்சி முகாம்களுக்குச் செல்லப் பயணச்செலவு வேண்டும். பணமில்லாதான் காணப்படாதான் ஆகின்றான்.

மூன்றாவது, அளக்கத்தக்கதையே அளத்தல். உயரம், எடை, நாற்பது யார் ஓடும் நேரம் ஆகியவற்றை அளவுகோல் சொல்லும். தோல்விக்குப்பின் எழும் உரம், கற்கும் வேகம், புதிய இடத்திற்குப் பொருந்தும் இயல்பு என்பவற்றை எக்கோல் சொல்லும்? வாற் எந்த இடத்தில் ஆடினால் ஒளிர்வார் என்பது பாடசாலையில் எவர்க்கும் தெரியாதிருந்தது.

நான்காவது, மதிப்பீடு தன்னைத்தானே சுற்றிவருதல். புகழ்பெற்ற பல்கலைக்கழகமொன்று ஒருவனை அழைத்தால் அவன் நட்சத்திரம் உயரும். நட்சத்திரம் உயர்ந்தால் ஏனைய பல்கலைக்கழகங்களும் அழைக்கும். நல்ல பயிற்சியும் ஆடும் வாய்ப்பும் அவனுக்கே முதலிற் கிட்டும். பின் அவன் சிறந்தால், ‘முன்னரே கூறினோம்’ என்பர்.

ஐந்தாவது, சமுதாயத் தடைகள். வோல்ற்றர் பேய்ற்றன் மிசிசிப்பி மாகாணத்துக் கொலம்பியாவிற் பிறந்த கறுப்பின இளைஞர். தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கூட்டில் முதற் கறுப்பின வீரர் களமிறங்கியதே 1967-இலாகும். பேய்ற்றன் கறுப்பின மாணவர்க்கென எழுந்த ஜாக்சன் மாகாணக் கல்லூரியில் ஆடினார். 1975-இற் சிக்காகோ அணியால் நான்காமவராகத் தெரியப்பட்டு, 1987-இல் ஓய்வுபெற்றபோது பந்தேந்தி ஓடிய தூரத்தில் 16,726 யார் என்னும் அந்நாளைய சாதனையை நிறுவியிருந்தார். அளவுகோல் செம்மையாயினும் அளப்பவன் கண் மூடியிருப்பின் பயன் யாது?

காணப்படாத பிழை

இனி, இவ்வாராய்ச்சியின் மையத்திற்கு வருகின்றோம். மதிப்பீட்டிற் பிழை இருவகைப்படும். தகுதியில்லானை உயர்த்துதல் ஒன்று. தகுதியுள்ளானைத் தாழ்த்துதல் மற்றொன்று. முதற்பிழை களத்திலே வெளிப்பட்டுவிடும்; ஆயிரக்கணக்கானோர் அதனைக் கண்டு நகைப்பர். இரண்டாவது பிழையோ வெளிப்படுவதேயில்லை. ஆட இடமே பெறாத மாணவன் தன் திறத்துக்குச் சான்று காட்டுவது எங்கே? அவன் தொழிலொன்றைத் தேடிக்கொண்டு போய்விடுகின்றான். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் பிழையாகப் பதியப்படுவதில்லை.

நாம் மேலே கூறிய றொட்ஜர்ஸும் வாற்றும் அலனும் தவறவிடப்பட்டவர்க்குச் சான்று என்பர். கூர்ந்து நோக்கின், அவர்கள் தவறவிடப்பட்டும் தப்பியவர்கள். ஈராண்டுக் கல்லூரி ஒருவர்க்கு வாயிலாயிற்று. உதவிப்பணமின்றிச் சேரும் உரிமை ஒருவர்க்கு வாயிலாயிற்று. விடாது எழுதிய மின்னஞ்சல் ஒருவர்க்குத் துணையாயிற்று. குன்றின்மேல் இட்ட விளக்கை யாவரும் காண்பர். குடத்துள் இட்ட விளக்குக்களுள் குடம் உடைந்தமையால் வெளிப்பட்டவற்றையே நாம் எண்ணுகின்றோம். உடையாத குடங்களின் தொகையை எவரும் எண்ணவியலாது.

ஆதலின் ‘தரவரிசை பிழைபடுமா?’ என்பதினும், ‘பிழைபட்டால் மாணவனுக்கு இரண்டாவது வாயில் உண்டா?’ என்பதே முதன்மையான வினா. அண்மைக்கால மாற்றங்கள் இவ்வகையிற் கவனிக்கத்தக்கவை. 2020 மார்ச்சு முதல் 2021 மே முடியப் பெருந்தொற்றின் காரணமாகப் பயிற்றுநர் வீரரை நேரிற் காண்பது தடுக்கப்பட்டிருந்தது. முன்னரே பெயர்பெறாதவர் அக்காலத்தில் மிகவும் இடர்ப்பட்டனர். 2018-இல் ஏற்பட்ட இடமாற்றப் பதிவேட்டு முறையும், 2021-இல் தளர்ந்த இடமாற்ற விதிகளும், பயிற்றுநர் பதினேழு வயதினனைவிட அனுபவமுள்ள மூத்த வீரனை நாடுமாறு செய்தன. 2025 முதல், புதிய உடன்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களில், 85 புலமைப்பரிசில் என்னும் பழைய வரம்பு நீங்கி, அணியில் 105 பேர் என்னும் வரம்பு வந்துள்ளது. இதனாற் புலமைப்பரிசில் பெருகலாம். ஆனால் வாற் நுழைந்த வாயிலாகிய உதவிப்பணமில்லா இடங்கள் சுருங்குகின்றன.

நன்மையும் இல்லாமலில்லை. 2006-இற் தொடங்கிய ‘ஹடில்’ போன்ற காணொளிச் சேவைகளால், சிற்றூர் மாணவனும் தன் ஆட்டத்தைத் தொலைவிலுள்ள பயிற்றுநருக்குக் காட்டலாம். சிறு பல்கலைக்கழகத்திற் சிறந்தவன் இடமாற்ற முறையாலே பெரியதற்கு ஏறலாம். ஒரு கதவு ஒடுங்க மற்றொரு கதவு திறக்கின்றது. எனினும் அக்கதவை அடையும் முன்னரே சோர்ந்து திரும்புவோர்க்காக இரங்காதிருத்தல் இயலாது.

முடிபு

தரவரிசை திறனைத் தவறவிடுகின்றதா? ஆம், தவறவிடுகின்றது. அதனால் அது பயனற்றதா? அன்று. மழை வருமெனக் கூறுவோன் பெரும்பாலும் சரியாகக் கூறுவான். அதனால் ஒரு குறித்த வயலில் ஒரு குறித்த நாளில் மழை பெய்தேவிடும் என்பதில்லை. பட்டியலை வழிகாட்டியாகக் கொள்க, வேலியாகக் கொள்ளற்க.

ஆசிரியர்க்கு இதிலுள்ள பாடம், முந்தி முளைத்ததை மாத்திரம் பயிரென எண்ணாதிருத்தல். நிறுவனங்களை நடத்துவோர்க்கு உள்ள பாடம், முதற்றெரிவு எத்துணை நுட்பமாயினும் இரண்டாவது வாயிலை அடையாதிருத்தல். மாணவர்க்கு உள்ள பாடமோ, தம்மேல் இடப்பட்ட எண் அன்றைய நாளில் ஒருவர் கண்ட அளவே என்பதாம். அவ்வெண் உயர்ந்ததாயின் உழைப்பை விடற்க. தாழ்ந்ததாயின் ஊக்கத்தை விடற்க. பயர்போவின் வயல்வெளியிலிருந்து மின்னஞ்சல் எழுதிய இளைஞர்க்கு நட்சத்திரம் இல்லை. எழுதும் உறுதி இருந்தது.