பசிக்கு யார் பொறுப்பு?

அன்புள்ள தங்கைக்கு,

மறைமாவட்டச் சமூகப் பணியில் சேர்ந்து கல்வராயன் மலைக்குப் போயிருப்பதாக எழுதியிருந்தாய். "அரிசி பருப்பு கொடுத்தால் போதாதா? கம்பெனிகளைக் கேள்வி கேட்பதும் திருச்சபையின் வேலையா?" என்று சிலர் உன்னிடம் கேட்கிறார்களாம். அதுவும் நம் வேலைதான். ஏன் என்று ஒரு ஊரின் கதையை வைத்துச் சொல்கிறேன்.

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை இருக்கிறது. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். பக்கத்துக் காட்டில் மாடு மேய்த்தார்கள், விறகு எடுத்தார்கள். ஏரிகளுக்கு நீரும் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. அங்கே 1,127 ஏக்கரை அரசு சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஒதுக்கியது. பிரான்சின் டயர் நிறுவனமான மிஷெலின் அங்கே ஆலை அமைக்க 2009இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. அந்த நிலம் எவர் பட்டாவிலும் இல்லை. ஆகவே இழப்பு எந்தக் கணக்கிலும் எளிதில் ஏறாது. ஆனால் மேய்ச்சல் போனால் மாடு போகும்; மாடு போனால் பிள்ளைக்குப் பாலும், ஆபத்து அவசரத்துக்கு விற்றுக்கொள்ளும் கைமுதலும் சேர்ந்தே போகும். உணவு உரிமை பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான், ஓசையில்லாமல்.

ஊர்மக்கள் போராடினார்கள். தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்பு அவர்களோடு நின்றது. கேள்வி பிரான்சுக்கும் போனது. அங்கே சிசிஎஃப்டி என்ற கத்தோலிக்க அமைப்பு இருக்கிறது. 1961இல் பசிக்கு எதிரான குழுவாகத் தொடங்கிய அதற்கு, தவக்காலத்தின் 5ஆம் ஞாயிறன்று பங்கு மக்கள் போடும் காணிக்கையும் ஒரு ஆதாரம். ஊர்ச் சங்கம், நில உரிமைக் கூட்டமைப்பு, பிரான்சின் சிஜிடி தொழிற்சங்கம், ஷெர்பா என்ற சட்ட அமைப்பு ஆகியவற்றுடன் சேர்ந்து 2012 ஜூலையில் அது மிஷெலின் மீது பிரெஞ்சு அரசிடம் முறையிட்டது. பன்னாட்டு நிறுவனங்களுக்காக ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகள் வகுத்த நெறிமுறைகளில் 2011இல்தான் மனித உரிமை அத்தியாயம் சேர்ந்திருந்தது. அதுவே முறையீட்டுக்குப் பிடிமானம்.

முடிவு சாதகமாக வரவில்லை. விசாரணை நடந்த விதத்தில் நம்பிக்கை இழந்து 2013 செப்டம்பரில் முறையீட்டாளர்கள் விலகினார்கள். நிறுவனம் நெறிமுறைகளை மீறவில்லை, சில விஷயங்களில் மேம்பட வேண்டும் என்று அறிக்கை வந்தது. ஆலை ஓடுகிறது. ஆனாலும் சிசிஎஃப்டி ஓயவில்லை. கட்டாயமில்லாத நெறிமுறையால் பயனில்லை, சட்டமே வேண்டும் என்று மற்றவர்களோடு சேர்ந்து கேட்டது. அதே 2013இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டிடம் இடிந்து 1,100க்கும் அதிகமான தொழிலாளர்கள் மாண்டது அந்தக் குரலுக்கு வலுச் சேர்த்தது. 2017 மார்ச்சில் பிரான்ஸ் சட்டம் இயற்றியது: பெரிய நிறுவனங்கள் தம் துணை நிறுவனங்களும் சப்ளையர்களும் வெளிநாட்டில் செய்யும் கேட்டையும் முன்கூட்டியே கண்டு தடுக்க வேண்டும், தவறினால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும்.

இனி உன் மலைக்கு வருவோம். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகள் 1976 வரை ஜாகிர்தார்கள் என்ற நிலப்பிரபுக்களின் பிடியில் இருந்தவர்கள். கேட்டுப் பெறும் பழக்கம் அவர்களுக்கு எளிதாக வாய்த்ததல்ல. ஆகவே நீ அவர்களுக்காகப் பேசப் போகாதே. அவர்கள் பேசுவதற்கு வேண்டியதைத் திரட்டிக் கொடு.

மரவள்ளிக்கிழங்கு ஏற்றுகிறவரிடம் ஜவ்வரிசி ஆலையின் எடைச்சீட்டை வாங்கிப் பார். விலையைத் தீர்மானிக்கும் மாவுச்சத்துப் பாயிண்டை யார் அளந்தார், விவசாயி கண்ணெதிரே அளந்தாரா என்று கேள். கீழே கள்ளக்குறிச்சியில் கரும்பு விவசாயிகளிடம் சொல்: 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, வெட்டிக் கொடுத்த 14 நாளில் ஆலை பணம் தர வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேரும். கடுக்காயும் தேனும் எடுத்து விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மலைமக்களுக்கே தருகிறது. கிராம சபைத் தீர்மானம் அதற்கு அடித்தளம். ரேஷன் தவறினால் 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட அளவில் குறைதீர்க்கும் அலுவலர் உண்டு. மனுவை வாய்ச்சொல்லாக விடாதே. ஒப்புகைச் சீட்டோடு கொடுக்கச் சொல்.

அரிசி கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இன்று பசித்தவருக்கு இன்றே சோறு வேண்டும். ஆனால் அந்தப் பசி எந்த அலுவலகத்தில், எவர் கையெழுத்தில் முடிவாகிறதோ அதுவரை நம் கேள்வி போக வேண்டும். தேர்வாய் கண்டிகைக்கு அது கடல் கடந்து போனது. உனக்கு ஆத்தூர் ஜவ்வரிசி ஆலை வாசலோடு முடியலாம். எங்கே போனாலும் முதல் கேள்வியை ஊர்க்காரரே கேட்கட்டும். நீ பக்கத்தில் இருந்து குறிப்பெடு.

அன்புடன்,
அண்ணன்