தெரிந்த ஊர்ப்பெயரில் தொடங்குங்கள்

மட்டக்களப்பு அமிர்தகழியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எண்பதைத் தாண்டிய தம் அக்காவுக்கென்று நூலகத்தில் முதலில் இரவல் எடுத்தது ஓர் ஆன்மிகப் புத்தகம். வயதானவர்களுக்கு அதுதான் பொருந்தும் என்று எண்ணியிருந்தார். அக்கா இரண்டு பக்கம் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்.

அடுத்த முறை பண்டிதர் வி.சீ.கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வீட்டுக்கு வந்தது. கண்ணகி வழிபாட்டைப் பற்றித் தம்பி உரக்க வாசித்துக்கொண்டிருக்க, அக்கா இடைமறித்தார். “கொம்பு முறிச்ச கதையச் சொல்லு தம்பி. நாங்க தென்சேரி எல்லுவா!”

கண்ணகியம்மனுக்காக ஊர் இரண்டாகப் பிரிந்து ஆடும் விளையாட்டு அது. வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை இரு பக்கமும் இழுப்பார்கள். யார் யார் கயிறு பிடித்தார்கள், வென்ற பக்கத்துப் பெண்கள் எப்படிக் கேலி பண்ணினார்கள் என்று அக்கா சொல்லி முடிக்க அரை மணி நேரம் போனது. புத்தகம் மடியில் விரித்தபடியே கிடந்தது. வாசிப்பு தடைப்பட்டதாகத் தம்பி முதலில் நினைத்தார். உண்மையில் அன்றைக்குத்தான் அது தொடங்கியிருந்தது.

மூத்தவர்கள் பழையதையே பேசுவதை மூளைத் தளர்ச்சி என்று ஒதுக்குவது தவறு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இலேயே இதை எழுதினார்: வாழ்ந்த வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது முதுமையின் இயல்பான வேலை. அந்த வேலைக்குப் புத்தகம் நல்ல கைத்துணை.

ஒரு நாள் அக்கா மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய ஆண்டை மாற்றிச் சொன்னார். தம்பி உடனே திருத்த, பேச்சு அப்படியே நின்றுபோனது. அதன்பிறகு அவர் சொல்வதை முழுக்கக் கேட்டு எழுதிக்கொள்வதும், மறுநாள் இருவருமாக வேறு புத்தகங்களில் தேடுவதும் வழக்கமாயிற்று. 1978 நவம்பர் 23 என்று அக்காவே கண்டுபிடித்தார். தென்னைகள் முறிந்து கிடந்த வளவு அப்போதுதான் அவர் நினைவில் ஒவ்வொன்றாக விரிந்தது. எண்பது வயதில் ஒரு தகவலைத் தானே தேடிச் சரிபார்ப்பதும் கல்விதான்.

முதுமையில் வாசிக்கக் கண்தான் பெரிய தடை. வெளிச்சம் தோளுக்குப் பின்னால் இருந்து புத்தகத்தின் மேல் விழும்படி கதிரையைப் போட வேண்டும். பழைய அச்சு பொடியாக இருந்தால் 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் கைகொடுக்கும். ஈழத்து நூல்களை இலவசமாகத் திறந்து, எழுத்தைத் திரையில் பெருப்பித்து வாசிக்கலாம். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். கண் களைத்தால் இளையவர் வாசிக்க, மூத்தவர் கேட்கட்டும்.

நூலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர் வரலாற்று நூல்களைக் குனியாமல் எடுக்கக்கூடிய தட்டில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கட்டும். வாசித்த மூத்தவர் மாமாங்கக் கோயில் தீர்த்தத்தைப் பற்றியோ, மறைந்துபோன தோணித் துறையைப் பற்றியோ சொல்வதை யாராவது எழுதி வையுங்கள். சொன்னவரின் ஊரையும் வயதையும், சொன்ன திகதியையும் சேர்த்து எழுதுங்கள்.